கழுவிவிடப் பயந்த நாட்கள்

என் கணவரின் தம்பி எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. காடாம்புலியூர் பக்கம் பலா மரத்தில் காய் வெட்ட ஏறியவர், கிளை முறிந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம். தொண்ணூறுகளின் கடைசி அது.

மூத்திரத்துக்கு டியூப் இருந்தது. வெளிக்கிதான் கஷ்டம். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வந்த பிறகு வாடையில்தான் தெரியும். எப்படிப் புரட்டுவது, எப்படிக் கழுவுவது, எப்படி ஈரமில்லாமல் ஒற்றியெடுப்பது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது என் கணவர்தான் செய்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே ஆனது. கழுவுவது அவர், துணியை அலசுவது நான்.

அருவருப்பு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. என்னைவிட இரண்டே வயது சின்னவர், அண்ணி என்று கூப்பிடும் ஆண்பிள்ளை. அவர் லுங்கியை நான் எப்படி விலக்குவது? ஒரு தடவை கை வைத்துவிட்டால் அது ஆயுசுக்கும் என் வேலையாகிவிடுமே என்ற பயமும் உள்ளே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கணவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகும் வாரங்களில் காலை ஐந்தரைக்கே மைன்ஸ் பஸ் ஏறிவிடுவார். திரும்ப இரண்டரை ஆகும். நடுவில் ஆகிவிட்டால் தம்பி, “அண்ணி, ஃபேன கொஞ்சம் ஜாஸ்தி வையுங்க” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஃபேனைக் கூட்டி, ஊதுவத்தி கொளுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அங்கே ஒரு மனிதர் அதிலேயே கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன்.

ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கே ஃபேனை வைக்கச் சொன்னார். இரண்டே முக்கால் ஆகியும் கணவர் வரவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா கதவைத் தட்டினார்.

“ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக்கு போன் பண்ணாரு. அடுத்த ஷிப்டு ரிலீவர் வரலியாம், அவரே செகண்ட் ஷிப்டும் பாக்கறாராம். வர பத்தரை ஆவும்னு சொல்லச் சொன்னாரு.”

அக்கா போன பிறகு முன்னறையிலிருந்து குரல் வந்தது. “பரவால்ல அண்ணி. அண்ணன் வந்துரட்டும்.”

பன்னிரண்டிலிருந்து பத்தரை. நாலு மணிக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவாள். பக்கெட்டில் தண்ணீர் விளாவினேன். சூடு அதிகமாக இருந்து வெந்துபோனால்கூட அவருக்குத் தெரியாதே என்று மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். மறுபடியும் பச்சைத் தண்ணீர் சேர்த்து, மறுபடியும் ஊற்றிப் பார்த்தேன்.

பக்கெட்டோடு என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “வேணாம் அண்ணி. கதவ சாத்திக்கினு போங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ராத்திரி வரைக்கும் இப்படியே கெடக்க முடியாது தம்பி.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா?”

“நானே சொல்லிக்கிறேன்.”

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஒரு கையை முதுகில் கொடுத்து, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்து ஒருக்களித்துப் புரட்டினேன். கால் இரண்டும் கட்டிலைவிட்டுச் சரிந்தன. ஆளே கீழே வந்துவிடுவார் போலிருந்தது. என் முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. ஈரத்துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, துடைக்கத் துடைக்கப் போகாத ஒரு கறுப்பு இருந்தது. எட்டணாக் காசு அகலம். கொஞ்சம் அழுத்தினேன். தோல் துணியோடு வந்துவிட்டது. கீழே சிவப்பாகக் குழி, அதிலிருந்து ரத்தம்.

நான்தான் கிழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“என்னா அண்ணி, நிறுத்திட்டிங்க?” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

“ஒண்ணுமில்ல தம்பி. துணி மாத்தறேன்.”

ராத்திரி கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலை அவர் லீவு போட்டுவிட்டுத் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். நர்ஸ் புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இது நேத்து வந்தது இல்லம்மா. அழுக்குலயும் ஈரத்துலயும் ரொம்ப நேரம் கெடந்து கெடந்து ஆனது. வீட்ல யாரு பாக்கறீங்க?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் கழுவியவர் அவர்தான். வேலை முடிந்த களைப்பில் அவசரமாகச் செய்ததில் அவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் பகல் முழுக்க வீட்டில் இருந்தது யார்? “நான்தான்” என்றேன். புண் எலும்புவரை போனால் சீழ் ரத்தத்தில் கலந்துவிடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போடும்போது இந்த முறை நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது, ஆனவுடன் கழுவுவது, கட்டை அவிழ்ப்பது. ஒவ்வொரு தடவையும் கட்டை அவிழ்க்குமுன் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். குழி ஆழமாகியிருக்குமோ, வெள்ளையாக எலும்பு தெரியுமோ என்று. ஒரு வாரம் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. பிழைக்க மாட்டார் என்றே நினைத்தேன். அப்படிப் போய்விட்டால் அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில்தான் அவர் சோற்றில் பாதியை ஒதுக்குவதைக் கவனித்தேன். கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தின்னா வெளிக்கி ஆவும். ஆச்சுன்னா நீங்க வரணும்.”

“தின்னாதான் புண்ணு ஆறும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?”

“உங்க கை நடுங்குது அண்ணி. கீழ தெரியாது. முதுகுல வைக்கிறீங்களே, அங்க தெரியுது.”

நான் தட்டைக் கீழே வைத்தேன். “அருவருத்துக்கிட்டு நடுங்கல தம்பி. பயம்.”

“எதுக்கு?”

அப்போது சொல்லிவிட்டேன். தெரிந்தே அடுப்படியில் நின்ற நாட்களை, எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து. “நானுந்தான் கூப்புடல” என்றார் அவர். பிறகு தட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

புண் ஆறியது. ஆறிய இடம் மெழுகுபோல் வழவழவென்று இருந்தது. ஒரு தச்சரிடம் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி செய்து வாங்கினோம். குறித்த நேரத்துக்கு அதில் உட்காரப் பழகினார். இடது கையை எட்டவிட்டு அவரே கழுவவும், கைக்கண்ணாடியைப் பிடித்து அவரே தோலைப் பார்க்கவும் பழகினார். முழுதாகப் பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இரண்டு வருஷம் கழித்து வடலூரில் எஸ்டிடி டெலிபோன் பூத் ஒன்று கிடைத்தது. பின்னாலேயே ஒரு அறை. சக்கர நாற்காலியோடு அங்கே போய்விட்டார். முதல் மூன்று நாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். தோலைக் காட்டச் சொன்னேன், காட்டினார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. சிவப்பு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள், “நாளைக்கு வராதீங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் நான் போகவில்லை. அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்கு அவரே கூப்பிட்டார். “பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு, பூத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்.