அக்காவின் செய்தியை வெட்டியபோது

எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவுக்குப் போனில் ஒரு குழு உண்டு. ஒட்டுசுட்டானில் காட்டோரமாக இருக்கிற கொஞ்ச வீடுகள்தான், ஆனால் அந்தக் குழு போடுகிற சத்தத்துக்கு அங்கே ஒரு பட்டினமே இருக்கிறதென்று நினைப்பீர்கள். காலை வணக்கம், பூப்படம், சாமிப்படம், யாருடைய மாடோ யாருடைய பயிற்றங்கொடியையோ தின்ற வழக்கு. இதற்கு நடுவில்தான் யானை வந்த செய்தியும் வரும். சத்தம் தாங்காமல் எல்லாரும் குழுவை ஊமையாக்கி வைத்திருப்பார்கள். விடிந்து பல்லு விளக்கும்போதுதான், "அட, நேற்று ஆனை வந்ததாம்" என்று வாசிப்பார்கள்.

அந்தப் போகம் அடுத்த வளவில் குடியிருக்கும் அக்காவின் வயல் நன்றாகக் கதிர் தள்ளியிருந்தது. முந்தின போகம் யானை துவைத்துவிட்டுப் போன வயல் அது. இந்த முறையும் போனால் வயலை விட்டுவிட்டுக் கூலிக்குத்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். நெல் வெட்டுகிற மெசின் வரும்வரை காப்பாற்றினால் போதும். நான் கிளிநொச்சியில் ஒரு கணினி நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவள், பொறுமையும் எனக்குக் கொஞ்சம் குறைவு. குழுவுக்கு வரும் செய்திகளைத் துண்டுகளாக வெட்டி, யானை, ஆனை என்ற சொல் இருக்கிற துண்டை மட்டும் எல்லார் போனிலும் மணியடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு நிரலை எழுதினேன்.

வெட்டுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்று இருக்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற ஒரு வரி. பார்த்தால் கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். அதில் ஒரு சதுர அடைப்புக்குள் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் போட்டேன். முன்வீட்டு ஐயா எதை எழுதினாலும் ஐந்தாறு புள்ளி வைக்கிறவர். அவருக்காகவே பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வைத்தேன். அதை வைத்தால் எத்தனை புள்ளி தொடர்ந்து வந்தாலும் ஒரே வெட்டுத்தான். ஐயாவின் செய்திகள் பயிற்றங்காய் முறித்த மாதிரி அழகாகத் துண்டு துண்டாக விழுந்தன.

அக்காவிடம்தான் என் நிரல் படுத்துவிட்டது. அவருடையது மலையகத்திலிருந்து வந்த குடும்பம். வன்னியிலேயே பிறந்தாலும் வீட்டுப் பேச்சை விடாதவர். அவர் எழுதுவதில்லை. வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை.

"சாப்டாச்சா எல்லாரும் பாத்துக்கங்க வெயில் மண்டைய பொளக்குது பாத்துக்கங்க ஆனை ரெண்டு கொளத்துப் பக்கமா நிக்குது பாத்துக்கங்க தங்கச்சி வீட்டுக்கு கீரை எடுத்து வச்சிருக்கேன்"

யானையும் கீரையும் ஒரே துண்டில் கிடந்தன. போய்க் கேட்டேன்.

"அக்கா, இடைக்கிடை ஒரு புள்ளி வையுங்கோவன்."

"ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில தகரம். புள்ளிய எந்தக் கையால வைக்கிறது தங்கச்சி?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியை மறுபடியும் வாசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. புள்ளி இல்லையென்று யார் சொன்னது? மனிசி மூச்சுக்கு மூச்சு வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்! 'பாத்துக்கங்க' என்ற சொல்லையும் வெட்டுகிற குறிகளோடு சேர்த்தேன். ஐயா பேச்சுக்குப் பேச்சு போடுகிற 'பாருங்கோ'வையும் விடவில்லை. ஓட்டிப் பார்த்தேன். 'ஆனை ரெண்டு கொளத்துப் பக்கமா நிக்குது' என்று தனியாக வந்து விழுந்தது. அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

சில நாளில், இருட்டிக்கொண்டு வருகிற மைம்மல் நேரத்தில் மணி அடித்தது. 'ஆனை வரப்புக்கு வந்திருச்சு.' நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தலையோடு ஓடிப்போனால், வயலில் அக்கா தனியாக நின்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. யானை ஒரு மூலையை மிதித்துவிட்டுத் தன்பாட்டில் போயிருந்தது.

"நான் கூப்பிட்டது ஒருத்தருக்கும் கேக்கலையா தங்கச்சி?" என்றார். குரல் உடைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவில் பாய்ந்தேன். "போன் அடிச்சதுதானே? ஏன் வரேல்லை?"

"அடிச்சது, வாசிச்சனான். உது கச்சேரியில இருந்து அரசாங்கம் போடுற அறிவித்தல் எண்டு நினைச்சன். எங்கயோ ஆனையாம் எண்டு போனை வைச்சிட்டன்."

ஐயாவும் அதையேதான் சொன்னார். அனுப்பியவர் பெயரை நான் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அக்காவை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது.

அன்றிரவு கணினிக்கு முன்னால் இருந்தபோதுதான் விளங்கியது. கணினி எந்தக் குறியில் வெட்டுகிறதோ அந்தக் குறியை எறிந்துவிடும். காற்புள்ளியை எறிந்தால் யாருக்கும் நட்டமில்லை. நான் எறிய விட்டது அக்காவின் பேச்சை. அது இல்லாமல் வந்த செய்தியில் அக்காவையே காணவில்லை.

திருத்துவது சின்ன வேலை. வெட்டுகிற குறிகளைச் சுற்றி ஒரு சோடி வட்ட அடைப்புப் போட்டால், கணினி அவற்றை எறியாமல் துண்டுகளோடு சேர்த்துத் திருப்பித் தரும். அடைப்பைப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் அதன் வாலோடு ஒட்டி அனுப்பச் செய்தேன்.

மெசின் வருகிறதற்கு முதல் நாள், வேலை முடிந்து வரும் வழியில் என் பஸ் மாங்குளத்தில் நின்றது. சாரதி தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போனார். போன் மணி அடித்தது.

'ஆனை மூணு வருது பாத்துக்கங்க.'

அம்மாவுக்குப் போன் எடுத்தேன், பதிலில்லை. ஐயாவுக்கு எடுத்தேன், அங்கேயும் பதிலில்லை. தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்தேன். சாரதி ஆறுதலாக ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையைப் பறித்து எறியலாம் போல இருந்தது.

கடைசியில் அம்மாவே எனக்குப் போன் எடுத்தார். மூச்சு வாங்கியது. பின்னால் யானை விரட்டுகிற வெடிச் சத்தமும், அக்கா பெரிதாகச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"ஒரு கதிரும் போகேல்லைப் பிள்ளை. முழு ஒழுங்கையும் வயலுக்க நிக்குது. ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடின ஓட்டத்தை நீ பாத்திருக்க வேணும்!"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "அண்டைக்கும் இதே மணிதானே அம்மா அடிச்சது?" என்றேன்.

"அது அறிவித்தல். இருந்து வாசிக்கலாம். இது அவளெல்லே கூப்பிடுறாள், எப்பிடியடி வீட்டில இருக்கிறது?"