யோசேப்புக்கு இரண்டு அப்பா

ஒன்பது வயதில் எனக்கிருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆம்பூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒப்புவிக்கும் போட்டி வைப்பார்கள். அந்த வருஷம் மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாறு. மற்ற பிள்ளைகளுக்கு தாவீது ராஜாவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. நானோ அதைத் தலைகீழாகச் சொல்வேன். போதாதென்று, யாரும் கேட்காமலே லூக்காவின் பட்டியலையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அதே மாதம் எங்கள் வீட்டிலும் ஒரு வம்ச வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. சபையின் ஞானஸ்நானப் பதிவேடு செல்லரித்துப் போனதால் சபையை நடத்திவந்த உபதேசியார் அதைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். என் பெயருக்கு எதிரே அப்பா பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. என்னைப் பெற்றவர் நான் பிறக்கும் முன்பே காலராவில் போய்விட்டார். எங்கள் ஜனங்களின் வழக்கப்படி அவருடைய தம்பி அம்மாவைக் கட்டிக்கொண்டார். நான் அப்பா என்று கூப்பிட்டது அவரைத்தான். இது தெருவுக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

பதிவேட்டில் தன் பெயரையே எழுதச் சொன்னார் அப்பா. என்றைக்காவது நான் படித்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்த மனுஷன இன்னொரு வாட்டி சாகடிக்கணுமா?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. யாரோ தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டேன். அப்பா தோல் பதனிடும் வேலைக்குக் கிளம்பிப் போனார். பத்து நாள் இருவருக்கும் பேச்சே இல்லை. "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வாள். நான் போய் அப்பாவிடம் சொல்வேன்.

போட்டியன்று ஒரு பெயர்கூடத் தடுக்காமல் ஒப்புவித்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஐயா, மத்தேயுல யோசேப்போட அப்பா யாக்கோபு. லூக்காவுல ஏலின்னு இருக்குது. இதுல எது தப்பு?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டும் தப்பில்லம்மா. அந்த ஜனங்க நடுவுல அண்ணன் செத்துட்டா தம்பி அண்ணியக் கட்டிக்குவான். அப்ப புள்ளைக்கு ரெண்டு அப்பா. இவரு ஒரு பேர எழுதினாரு, அவரு இன்னொரு பேர எழுதினாரு. பெரியவங்க அப்படித்தான் சொல்றாங்க."

என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பரிசு எனக்குத்தான். கூட்டம் கலைந்ததும் அப்பா என்னையும் அம்மாவையும் உபதேசியாரின் மேசைக்குக் கூட்டிப் போனார்.

"ரெண்டையும் எழுதிடுங்கய்யா. அவரு பேரு மொதல்ல," என்றார். உபதேசியார் எழுதி முடித்ததும், படிக்கத் தெரியாத அப்பா என்னைப் பார்த்து, "எங்க, படி" என்றார்.

நான் கணீரென்று படித்தேன். அப்பா என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன.

"அப்பா, ஒண்ணு தப்பா ஏறிடுச்சு. இத அடிச்சிடச் சொல்லு," என்று முதல் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

மை காயவில்லை. அப்பா என் விரலை மெல்ல எடுத்து, பண்டிகைக்கென்று எடுத்த புது வேட்டியிலேயே துடைத்துவிட்டார். "இருக்கட்டும்மா" என்றார். வேட்டிக்காக அம்மா திட்டுவாள் என்று பயந்தேன். அவள் திட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் சோறு ஆறுகிறது என்று அவளே அவரிடம் சொன்னாள். இரண்டு பட்டியலையும் கரைத்துக் குடித்திருந்த எனக்கு, விரலில் ஒட்டியது யாருடைய பெயர் என்று மட்டும் தெரியவில்லை.