சோடா டிரைவர்

மாதப்பன் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அவரை அதிகம் பார்த்தவன் நான்தான். அவர் ஓட்டிய மினி பஸ்ஸில் ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்தேன். பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் நடுவே இருக்கிற சிற்றூர்களைச் சுற்றி நாளைக்கு ஆறு ட்ரிப். கட்டின பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததைவிட அவருடைய பிடரியைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

கத்தவே தெரியாத மனிதர். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும், சில்லறை இல்லாமல் ஏறினாலும், கத்துவது என் வேலை. அவருக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரியில் கிளீனராகப் போனவர், இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கினார். "ஸ்டேரிங்க புடிச்சாத்தான் பிரபா நான் ஒரு மனுசன். எறங்கிட்டா என்னைய எவனுக்குத் தெரியும்?" என்பார். நாற்பத்தாறு வயதில் அவருக்கு அந்த வியாதி வந்தது.

முதல் தடவை வந்தபோது காலை ட்ரிப், வண்டி நிறையக் கூட்டம். திடீரென்று ஓரங்கட்டி நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "உள்ள என்னமோ எகிறுது பிரபா. எண்ண முடியல" என்றார். சட்டைக்கு மேலேயே துடிப்பு தெரிந்தது. எதிரே ராமக்காளின் பெட்டிக்கடை. ஓடிப்போய் ஐஸ் பெட்டியில் இருந்து ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்தேன். மடமடவென்று குடித்தார், முக்கி ஒரு ஏப்பம் விட்டார், அவ்வளவுதான். எல்லாம் அடங்கிவிட்டது.

"வாயுப்பா" என்றார் முன் சீட்டுக்காரர். "வாயுதான்" என்றது மொத்த பஸ்ஸும். நானும் அதையேதான் சொன்னேன். சோடா குடித்து நிற்கிறது என்றால் வேறு என்னவாக இருக்கும்?

அதற்குப் பிறகு நான்கு வருடம். மாதத்துக்கு இரண்டு தடவை, சில மாதம் ஐந்து தடவை. வந்தால் நிறுத்துவார், நான் சோடாவுக்கு ஓடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்குச் சோடா டிரைவர் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியவன் நான் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டாக்டரைப் பார்க்காமல் இல்லை. தர்மபுரியில் மூன்று பேரைப் பார்த்தார். அங்கே போய்ச் சேர்வதற்குள் துடிப்பு நின்றுவிடும். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், நார்மல். எக்கோ எடுப்பார்கள், நார்மல். ஒருவர் வாயு மாத்திரை எழுதினார். ஒருவர் டென்ஷன் என்றார். மூன்றாமவர் காகிதத்தைத் தூக்கிப் போட்டு, "ஒன்றுமே இல்லையே, எதற்கு வந்து எங்கள் நேரத்தை வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாராம். வீட்டில் காசியம்மாள் அண்ணி அந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கு அண்ணன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பெரிய வியாதின்னு எவனாச்சும் ஒருத்தன் சொன்னாக்கூடத் தேவல பிரபா. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னா நான் என்ன பண்றது? நெஞ்சுக்குள்ள எனக்கில்ல ஒதறுது?"

எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. மத்தியான ட்ரிப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லாததுக்கு என்னாத்துக்குண்ணா இத்தன அலப்பற? எல்லாம் மனப்பிராந்தி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

போன வருடம் ஆடி மாதம் சோடா தோற்றது. வளைவில் வரும்போது ஆரம்பித்திருக்கிறது. எப்போதும் போல ஓரங்கட்டலாம் என்று நினைப்பதற்குள் அவருக்குக் கண் இருட்டிவிட்டது. முப்பத்தைந்து பேரோடு வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கொள்ளு விதைத்த கொல்லைக்குள் போய் நின்றது. கால் எப்படியோ பிரேக்கில் இருந்திருக்கிறது. ஒருவருக்கும் அடி இல்லை. பத்தடி தள்ளி ஒரு கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதைப் பார்த்தது நானும், கண் தெளிந்து எழுந்த அண்ணனும்தான். விசில் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

"நாய் குறுக்க வந்துடுச்சு" என்று ஜனங்களிடம் சொன்னவன் நான். முதலாளியிடமும் அதையே சொன்னேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே காசியம்மாள் அண்ணி விசாரித்துவிட்டது. பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மணிமேகலை என்று ஒரு டாக்டர் வந்திருக்கிறார், நின்று நிதானமாகக் கேட்கிறார் என்றார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் துணைக்குப் போனேன்.

அந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையைக் கொட்டி ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. "துடிக்கிறப்ப எப்படித் துடிக்கும்? மேசையில விரலால தட்டிக் காட்டுங்க" என்றார். அண்ணன் தட்டினார். அவ்வளவு வேகம். நான்கு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"ஆரம்பிக்கிறது மெதுவாவா, சட்டுனா?"

"சட்டுனுங்க மேடம்."

"நிக்கிறது?"

"அதுவும் சட்டுனுதாங்க. சோடா குடிச்சு ஏப்பம் வந்தா, சுவிட்ச அமுத்துன மாதிரி நின்னுபோவும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது வாயு இல்லீங்க. சில பேருக்குப் பொறக்கறப்பவே இதயத்துல ஒரு ஒயர் கூடுதலா இருக்கும். கரண்டு அதுல சுத்த ஆரம்பிச்சா துடிப்பு எகிறும். ஜில்லுனு குடிச்சு முக்கினீங்கன்னா அந்தச் சுத்து அறுந்துடும். சோடாவுல நின்னதாலதான் எல்லாரும் வாயுன்னுட்டாங்க. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை."

மாதப்பன் அண்ணன் அழுதுவிட்டார். ஐம்பது வயது ஆள், தேம்பித் தேம்பி அழுதார். அண்ணியும் அழுதது. எனக்குத் தலை குனிந்துபோனது. டாக்டர் காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மயக்கம் வந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவங்க."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"கொல்லையில நின்னுட்டிருந்தேனுங்க."

"என்ன வேலை செய்யறீங்க?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "வெவசாயமுங்க மேடம்" என்றார்.

கொல்லையில் நின்றது என்னவோ உண்மைதான், பஸ்ஸோடு நின்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். நாய் வந்தது என்று பொய் சொன்ன வாய்தானே இது. ஆனால் அந்தக் கிணறு கண்ணுக்குள்ளேயே நின்றது. "டிரைவருங்க மேடம். மினி பஸ்ஸு" என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தது. அண்ணன் தலையே தூக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "குணமாகிற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது" என்றார். அவரே சேலத்துக்குப் போன் பண்ணி, காப்பீட்டு அட்டையில் எல்லாம் ஏற்பாடு செய்தார். தொடை வழியாக ஒயர் விட்டு அந்தக் கூடுதல் ஒயரைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது, பிறகு ஓட்டலாம் என்றார்கள். ஒரு மாதம் நாங்கள் எல்லோரும் அந்த நம்பிக்கையில் இருந்தோம். நான் முதலாளி காலைப் பிடிக்காத குறையாக அந்த சீட்டைக் காலியாக வைத்திருக்கச் சொன்னேன்.

சேலத்தில் ஒயரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, சுடாமலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த ஒயர் நல்ல ஒயரை ஒட்டியே இருக்கிறதாம். சுட்டால் இரண்டும் போய்விடலாம், மாத்திரையோடு இருப்பதுதான் உசிதம் என்றார்கள். மாத்திரையில் துடிப்பு வருவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

அண்ணன் திரும்ப மணிமேகலை டாக்டரிடம் போய், ஓட்டலாம் என்று ஒரு கடிதம் கேட்டார். "மாசத்துக்கு ஒரு தடவதாங்க மேடம் வருது. அந்த ஒரு நாளு பாத்துக்கறேன்" என்று கும்பிட்டார்.

"யாரும் நம்பாதப்ப நான் உங்கள நம்பினேன். இப்பவும் நம்பறேன். அதனாலதாங்க கையெழுத்துப் போட முடியல" என்றார் அந்த டாக்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எந்நேரம் என்றாலும் கூப்பிடுங்கள் என்று தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவரால் ஆனது அவ்வளவுதான். எங்கள் யாராலும் அதுகூட ஆகவில்லை.

இப்போது அந்த சீட்டில் முத்துராஜ் என்று ஒருவன் ஓட்டுகிறான். அண்ணன் அண்ணியோடு இரண்டு கறவை மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை எங்கள் பஸ்ஸில்தான் வருவார். டிக்கெட் வேண்டாம் என்றால் கேட்க மாட்டார், எடுத்துவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் முன்னால் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே துடிப்பு எடுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை அடக்கி முக்கினார். நிற்க ஐந்து நிமிடம் ஆனது. முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"என் மேல கோவமாண்ணா?"

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார். "கோவம் என்னாத்துக்கு? நீ வாயத் தொறந்தது சரிதான். எத்தன உசுரு அது. ஆனா பிரபா, நாலு வருசமா உன்னாண்ட நெசத்தச் சொன்னேன், நீ நம்பல. ஒரே ஒரு நாளு பொய்யி சொன்னேன். அன்னிக்குத்தான் நெசம் பேசணும்னு உனக்குத் தோணுச்சு."

அவருடைய ஊர் வந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். முத்துராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விசில் என் கையில்தான் இருந்தது, ஊத மூச்சு வரவில்லை.