ரோஸ்லெட் சிஸ்டர் நடக்க மறுத்த இரண்டு வருடங்கள்

காலை டியூட்டியில், ஒரு நோயாளிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது தாசையன் அண்ணன் போனில் கூப்பிட்டார். “லீலா, சிஸ்டர் போயிட்டா” என்றார். கட்டின மனைவியைக்கூட அவர் சிஸ்டர் என்றுதான் சொல்லுவார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு நாளாக நெஞ்சு வலித்திருக்கிறது. “கேஸ் ஆக்கும்” என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நோயாளிகளை அவர் ஏசியிருப்பார்! அவரோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். இன்றுவரை என் கோபம் ஆறவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்து கிடந்தவர்கள் டாக்டரைவிட சிஸ்டருக்குத்தான் பயந்தார்கள். கஞ்சி ஊட்டிவிடும் உறவினர்களைக் கண்டால் கரண்டியைப் பிடுங்கிவிடுவார். “சொந்தக் கையாலே தின்னட்டும். சிந்தினா நான் துடைக்கேன்” என்பார். அசையாத கையை மடியில் போட்டுக்கொண்டு இருப்பவரிடம், “நல்ல கையாலே அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கு. அது உன் கையாக்கும், விருந்துக்கு வந்த ஆளில்லை” என்பார். நான் அவரிடம்தான் தொழில் படித்தேன். ஏசுவதையும் சேர்த்துத்தான் படித்தேன்.

ஓய்வு பெற்ற மறுவருடம், செங்கல் என்ற ஊரிலுள்ள தன் வீட்டின் பின்புறம் துணி காயப்போடும்போது சிஸ்டருக்கே ஸ்ட்ரோக் வந்தது. கையிலிருந்த கிளிப் நழுவியதும் இன்னதென்று அவருக்குப் புரிந்துவிட்டது. குழறிய நாக்கோடு அண்ணனை ஆட்டோ பிடிக்க வைத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பலம் இழந்தன. ஆறு மாதத்தில் இவர் ஓடுவார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் உட்கார்ந்தார்.

பிசியோதெரபி செய்ய வந்த பெண்ணிடம் “நீ பிடிக்கது தப்பு” என்று குற்றம் கண்டுபிடித்து, மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார். வாக்கரில் துண்டு காயப்போட்டிருந்தது. அண்ணன் புட்டையும் பழத்தையும் பிசைந்து ஊட்டுவார், இவர் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நான் போவேன். போகும்போது பொறுமையோடு போவேன், வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

“சிஸ்டர், நீங்க எத்தனை பேரை நடக்க வச்சீங்க? ஒரு பத்து அடி வையுங்க.”

“நாளைக்கு.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க.”

“எனக்குப் படிச்சுத் தராதே மக்கா. நீ வீட்டுக்குப் போ.”

ஒருநாள் நானும் பொறுமை இழந்தேன். “உங்களுக்கு மடி” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் சோம்பலை அப்படித்தான் சொல்வோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன்தான் என் பின்னால் கேட்வரை வந்து, “அவளை ஏசாதே பிள்ளே, பைய சரியாவும்” என்றார். எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது.

அப்புறம் ஒரு மழைநாளில் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். போன் மேல் அலமாரியில் இருந்தது, சிஸ்டருக்கு எட்டவில்லை. கூப்பிட்டால் வார்த்தை தெளியவில்லை. அவர் எழுந்தார். சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்து, முற்றத்தில் இரண்டு தடவை விழுந்து, சேற்றோடு கேட்டுக்குப் போய் அதைக் கையால் அடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவரைப் பார்த்தேன். முட்டி இரண்டும் உரிந்திருந்தது. மருந்து போட்டபடி கேட்டேன்: “இந்த நடையை ரெண்டு வருசமா எங்கே வச்சிருந்தீங்க?”

ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்: “மடி இல்லை மக்கா. பயமாக்கும். காலை வைக்கும்போ கீழே தரை உண்டான்னே தெரியாது. நான் ஏசின அத்தனை பேருக்கும் இந்தப் பயம் உண்டும். நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல.”

நான் அடுத்த முட்டிக்குப் பஞ்சை நனைத்தேன். நானும் கேட்டதில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கினார். விரட்டிய அதே பெண்ணைத் திரும்ப வரவழைத்தார். சில மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தார். அதோடு விட்டாரா? பூவார் கடற்கரையில் சூசை என்ற மீன்பிடிப்பவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று நச்சரிக்கத் தொடங்கினார். பல வருடங்களுக்கு முன் பக்கவாதத்தோடு எங்கள் வார்டில் கிடந்தவர் சூசை. “கடலுக்குப் போற ஆளுக்குக் கட்டிலை விட்டு இறங்கப் பயமா?” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சிஸ்டர் அவரைப் பரிகசித்திருக்கிறார். அது அவர் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு லீவு நாளை வீணாக்கி, ஆட்டோ பிடித்து, நாலு பேரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

சூசை சேட்டன் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கம்பை ஊன்றி நின்று, குழறிக் குழறி முழுவதையும் சொன்னார். கண் கலங்கிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது எந்த சிஸ்டர்? அங்கே எல்லாரும்தான் ஏசினாங்க.”

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த நொடி அவர் பார்வை சூசையின் இடது கைக்குப் போனது. விரல்கள் மடங்கி இறுகிக் கிடந்தன. “இதை நீட்டி எத்தனை நாளாச்சு? எலே, நகம் உள்ளங்கையிலே குத்துதே, தெரியலையா?” என்று ஏச ஆரம்பித்தார். இப்போதுதான் சூசைக்கு நினைவு வந்தது. “ஆ! இந்த சிஸ்டரா!” என்று சிரித்தார். மன்னிப்பு அங்கேயே முடிந்துபோனது. திரும்பும் வழியெல்லாம், “அவன் எண்ணெய் போட்டு நீவுவானா?” என்று என்னைத் துளைத்தார். எனக்குத் தலை வலித்தது.

சிஸ்டர் முழுதாகக் குணமடையவில்லை. வலது கை கடைசிவரை தோளுக்கு மேல் எழவில்லை. களைத்துவிட்டால் பேச்சு குழறும், கோபம் மட்டும் தெளிவாக வரும். ஆனாலும் கம்போடு சந்தைக்குப் போனார், இடது கையால் மீன் கழுவினார், தாசையன் அண்ணனுக்குச் சோறு பரிமாறினார். இத்தனையும் செய்தவருக்கு அந்த நெஞ்சுவலியை மட்டும் யாரிடமாவது சொல்லத் தெரியாமல் போனது. அதுவும் பயமாக இருந்திருக்கலாம். அந்த இரண்டு நாளில் நானும் அவரை ஒருதடவை கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. எழுந்திருக்க மறுக்கும் நோயாளியைப் பார்த்தால் இப்போதும் என் நாக்கு ஏசத்தான் துடிக்கிறது. அதை அடக்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எதுக்குப் பயப்படுதீங்க?” என்று கேட்கிறேன். போன வாரம் பாலராமபுரத்துப் பெண் ஒருத்தி சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: “விழுவேன்னு பயம் இல்லை சிஸ்டர். நான் எழும்பி நடந்தா, நாளைக்கே என்னை அடுப்படிக்கு அனுப்பிருவாங்க.”

இப்படி ஒரு பதிலை இத்தனை வருடத்தில் நாங்கள் இருவருமே கேட்டதில்லை. சிஸ்டர் இல்லாததை மறந்து, அவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.