ஒரே 'யூ'

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் எண்ணெய்க் கடையில் கொப்பரை வாசம் அடித்ததும், வெள்ளகோவிலில் கொப்பரைக் களத்தை ஒட்டியிருந்த, இப்போது இடித்துவிட்ட எங்கள் பள்ளிக்கூடம் மனசைப் பிறாண்ட ஆரம்பித்தது. அங்கே ஒரு நாள் இங்கிலீஷ் பாடத்தில், எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வந்தவரின் மகள் மல்லிகா, தான் எழுதிய கதையை வாசித்தாள். அதில் தோட்டத்துச் சின்னப் பையனும் கூலிக்காரரும் ஒருவரையொருவர் 'யூ' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"இதுல யாரு மரியாதையாப் பேசறாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"இங்கிலீஸ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ' தானுங்களே, மிஸ்," என்றாள் மல்லிகா.

அதற்குப் பிறகு எனக்கு பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவள் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து, என் ஆறு வயதுத் தம்பியிடம், "சாமி, அப்பா ஊட்டுல இருக்கறாருங்களா?" என்றார்.

"அங்கயே நில்லு," என்றான் தம்பி.

நான் ஓடிப்போய், "உள்ள வாங்க," என்றேன். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.