ஆயுத பூஜைப் பொரி

ஆஸ்டின் டவுனில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு என் கணவர் குருவாக இருந்த காலம் அது. ஜனங்களுக்கு அவர் ஐயர், நான் ஐயரம்மா. சினிமா, ரேடியோ, நைலான் புடவை என்று புதிதாக எதைக் கண்டாலும் எங்கள் கமிட்டிப் பெரியவர்களுக்குக் கிலி. உலகத்தோடு ஒட்டாமல் வாழுங்கள் என்று வாராவாரம் பிரசங்கம் நடக்கும். கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை கமிட்டி கூடியது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து நூல் மில்லில் வேலை பார்த்த பெண்ணொருத்தி, மெஷினுக்குப் படைத்த பொரியை வாங்கித் தின்றாளாம். யாரோ பார்த்துவிட்டு வந்து வத்தி வைத்துவிட்டார்கள். இனி அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று தீர்மானமாயிற்று. தகப்பன் சுரங்கத்தில் செத்துப்போனவன். சபையை விட்டால் இந்த ஊரில் அவளுக்கு நாதியில்லை. எல்லாம் தெரிந்தும் இவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தவரை, அவளைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா என்று கேட்டேன். மறுநாள் பிரசங்கத்தை எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் அவளைக் கோயிலின் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். நானும் போய் நின்றுகொண்டேன். வெளியே போகச் சொல்லியிருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன். பொரி தின்றது உண்மையா என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை.

"ஆமாங்க ஐயா. பக்கத்து மெஷின் அக்கா கையில வச்சாங்க. அவங்க குடுத்தத எப்படி வேணாம்னு தள்றது? எனக்கு லீவு புதன்கிழமைதான். நான் கோயிலுக்கு வரணும்னு அவங்க ஞாயித்துக்கிழமை லீவ எனக்கு மாத்திக் குடுத்திருக்காங்க. இப்பவும் என் மெஷினாண்ட அவங்கதான் நிக்கிறாங்க."

மணி அடித்துவிட்டது. இவர் அங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். என்ன செய்யப்போகிறாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பாட்டும் மனதில் ஏறவில்லை.

எழுதிவைத்த பிரசங்கத்தை அவர் பிரிக்கவே இல்லை. "நாம் இங்கே உட்கார்ந்திருக்க, நம் இடத்தில் வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர்களைக் கண்டு ஒதுங்குவது விசுவாசம் இல்லை. அவர்கள் நடுவில் உண்மையாக இருங்கள், அன்பாக இருங்கள்" என்றார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருவிருந்துக்கு அழைத்ததும் அவள் போய் முழங்காலிட்டாள். இவர் தடுக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் முழங்காலிட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வரிசை நிறையட்டும் என்று அப்பத்தட்டும் கையுமாக இவர் நின்றுகொண்டிருந்தார். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

ஐயரம்மா கடைசியில் போவதுதான் எங்கள் வழக்கம். வழக்கமாவது மண்ணாவது என்று எழுந்து போய், அவள் தோளோடு தோள் இடிக்க முழங்காலிட்டேன். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.