ஒற்றைக் காலில் நின்ற படம்

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் காலைப் பேருந்து எங்கள் சோளக் கொல்லைக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாகிறது. அங்கே நிறுத்தம் கிடையாது. என்னை வேடிக்கை பார்க்கத்தான் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். நான் வேலியோரம் நின்று இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டிருப்பேன். "என்னாங்க, காத்துல மாவு பெசையறீங்களா?" என்று நடத்துநர் படியில் தொங்கியபடியே கேட்டுவிட்டுப் போகிறார். சிங்கப்பூரில் ஐம்பது பேர் சேர்ந்து இதைச் செய்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதன் பெயர் தாய்ச்சி, சீனர்களின் உடற்பயிற்சி என்று இங்கே யாருக்கு விளக்குவது? அங்கே இன்னும் வேலை பார்க்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து என் வலது இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. அங்கிருந்த சீனப் பெண் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்னை நடக்கப் பழக்கினாள். ஒருநாள், காலையில் பூங்காவுக்குப் போய்த் தாய்ச்சி செய் என்றாள். என்னைக் கைகழுவுகிறாள் என்று பயந்து, "நோ பார்க், ஒன்லி ஹாஸ்பிடல்" என்று கெஞ்சினேன். அவள் சிரித்துக்கொண்டு இரண்டு விரல்களைக் காட்டினாள். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும் என்று அர்த்தமாம். மறுநாள் நொண்டிக்கொண்டே போய் நின்றேன். ஒரு சீன அம்மாள் என்னைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில் கிடந்த சருகுகளைக் கைகாட்டினார். தமிழன் அந்த நேரத்தில் பூங்காவில் நின்றால் கூட்ட வந்தவன்தானே? நானும் வாயைத் திறக்காமல் சருகுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றேன். மூன்றாம் நாளிலிருந்து அவரே எனக்கு இடம் விட்டார்.

சேற்று வயலில் கால் எடுத்து வைப்பது போன்ற நடைதான் அது. அவசரப்பட்டால் விழுவோம். ஐந்து மாதத்தில் ஊன்றுகோலை விட்டேன். கால் முழுதும் தேறும்வரை மேலே ஏற வேண்டாம், கருவிகள் வைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து வேலை செய் என்று சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைத்தான் நம்பியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வலது காலில் மட்டும் நின்றேன். என் தங்கை கணவர் சின்னசாமி கூட இருந்தார். நான்தான் அவரை ஊரிலிருந்து எங்கள் பட்டறைக்கே வரவழைத்து என் அறையிலேயே தங்கவைத்தேன். நான் படுத்துக் கிடந்தபோது என் துணியெல்லாம் துவைத்துப் போட்டவர் அவர். பொய் சொல்லக் கூடாது. "அப்பிடியே நில்லுங்க மச்சான், ஊருக்கு அனுப்பலாம்" என்று படம் எடுத்தார். அடுத்த நொடி நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அது படத்தில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படம் சூப்பர்வைசரின் மேசையில் கிடந்தது. இது யார் என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "யெஸ் சார், லெக் வெரி குட்" என்று பல்லை இளித்தேன். என் வாயாலேயே கெட்டேன். அப்படியானால் நாளைக்கே சாரத்தில் ஏறு என்றார். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினேன். அவர் படத்தைக் காட்டினார். ஏற மாட்டேன் என்றேன், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டோர் வேலை சின்னசாமிக்குப் போனது. படத்தை நீதானே கொடுத்தாய் என்று புறப்படும் அன்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "நானும் உங்க மாதிரி உழுந்துட்டா, உங்க தங்கச்சிக்கு யாருங்க மச்சான் இருக்கா?" அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் நல்லம்பள்ளியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அவருக்கு இனிமே மேல ஏறுற வேலையே இல்லியாம்ணா. நீ உழுந்ததுலருந்து எனக்குச் சோறே எறங்கல. நீதான சொல்லி வாங்கிக் குடுத்த?"

"ஆமாம்மா" என்றேன்.

அவளுக்கு எழுதத் தெரியாது. நீல நிறக் கடிதத் தாளை என்னிடம் நீட்டினாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், மாடு கன்று போட்டிருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் அவள் சொன்னாள்: "எங்கண்ணன் செஞ்சத மட்டும் மறந்துடாதீங்கன்னு எழுதுண்ணா."

எழுதினேன். என் கையெழுத்து சின்னசாமிக்கு நன்றாகத் தெரியும். தாளை மடித்து ஒட்டி, யோசிக்காமல் முகவரி எழுதி முடித்துப் பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரையே எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மேலே அவர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கட்டட எண், அறை எண் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.